கார்த்திகைக் கால் குளியல்

அந்த வாரம் முழுக்க மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. சனிக்கிழமையிலிருந்து ஹேமலதாவின் வைத்திய அறையில் ஒரு வாடையும் இருந்தது.

முத்தியால்பேட்டையில், ஒரு தையல் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் இருந்தது அந்த அறை. உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் பிள்ளையார் படம், அதன் பக்கத்தில் மனித உடலில் கோடுகளும் புள்ளிகளும் போட்ட சீன வரைபடம். வெளியே தகரக் கூரைக்கு அடியில் காத்திருக்கிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. ஹேமலதா தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவினாள். சாம்பிராணி போட்டாள். புகை இருக்கிற வரைக்கும் வாடை பதுங்கியிருந்தது, பிறகு மெல்ல எழுந்து வந்தது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று அலமாரியை நகர்த்திப் பார்த்தாள். கடைசியில் நோயாளிகள் உட்கார்ந்து கால் வைக்கும் மிதியடியைக் கையில் எடுத்து முகர்ந்ததும் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை அதில் கால் வைத்து உட்கார்ந்திருந்தவர் முருகையன்.

தெரிந்ததும் அவளுக்கு பயம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. நீர், நெருப்பு என்று ஐந்து மூலகங்களுக்கும் ஐந்து வாசனை உண்டு என்று அவள் படித்த பாடத்தில் இருந்தது. பனிக்காலம் நீர் மூலகத்தின் காலம், சிறுநீரகத்தின் காலம். நீரின் வாசனை அழுகல். முருகையனுக்கு நீர் மூலகம் கெட்டிருக்கிறது, அதைத்தான் இந்தக் கார்த்திகை வெளியே காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டாள். மிதியடியைத் துவைத்துக் கொடியில் போட்டாள். மழையில் அது காயவே இல்லை.

ஹேமலதா கெட்டவள் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், தீராத ஒற்றைத் தலைவலியோடு ஓர் அக்குபஞ்சர் ஹீலரிடம் போனாள். தலைவலி தீர்ந்தது. அந்த நன்றியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளுக்குப் போய் இரண்டு வருஷம் படித்து, தானும் நாடி பார்க்க உட்கார்ந்தாள். ஊசி கூடப் போடமாட்டாள், விரலால் தொடுவதோடு சரி. தினமும் காலையில் பிள்ளையார் முன்னால் விளக்கேற்றி ஒன்றே ஒன்றைத்தான் கேட்பாள்: என் கையால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரக்கூடாது. மனதாரத்தான் கேட்டாள்.

அவளுடைய ஆசான் கற்றுக்கொடுத்த வழக்கம் ஒன்று உண்டு. நோயின் பெயரைக் கேட்கக் கூடாது, ரிப்போர்ட்டைப் பார்க்கக் கூடாது. பெயரைக் கேட்டால் நோயாளிக்கு பயம் வளரும், வைத்தியருக்குக் கண் மறைக்கும். வாசலில் பலகையே வைத்திருந்தாள்: "இங்கே நோயின் பெயர் கேட்கப்படாது. நாடியே சொல்லும்." முருகையன் முதல்முதலாக வந்த அன்று மஞ்சள் பிளாஸ்டிக் உறை ஒன்றை நீட்டினார். அவள் சிரித்துக்கொண்டே அதை அவர் பக்கமே தள்ளிவிட்டாள். "அத உள்ள வைங்கண்ணா. கைய குடுங்க, அது போதும்."

அந்த உறை அதற்கப்புறம் வரவில்லை.

முருகையன் ஊரில் துணி மில் ஓடிய காலத்தில் அதன் நெசவுப் பிரிவில் இருந்தவர். மில் மூடியபின் பல வேலை பார்த்து, இப்போது நோணாங்குப்பம் படகுத் துறையில் லைஃப் ஜாக்கெட் எடுத்துக் கொடுத்து வாங்கி வைக்கிற வேலை. பருவம் மாறும்போதெல்லாம் தவறாமல் நாடி பார்க்க வருவார். அப்படி வருகிற எல்லாருக்கும் ஹேமலதா ஒரு தாள் கொடுப்பாள். கார்த்திகைத் தாளை அவளே உட்கார்ந்து எழுதி, அறுபது பிரதி எடுத்திருந்தாள். சீக்கிரம் படுங்கள், உப்பைக் குறையுங்கள், பச்சைத் தண்ணீர் குடிக்காதீர்கள், பாதத்தில் குளிர் ஏறவிடாதீர்கள். கடைசி வரியைச் சற்றுப் பெரிய எழுத்தில் போட்டிருந்தாள்: "தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில், இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரில், பொறுக்கிற சூட்டில், இருபது நிமிடம் கால் குளியல்."

தாள் கொடுத்துப் பத்து நாள் கழித்து முருகையன் போன் பண்ணினார். "கால்ல தண்ணி மாரி வடியுதும்மா. வலி கிலி ஒண்ணும் இல்ல. சேத்துப்புண்ணு மாரி கீது."

"கழிவு வெளிய போவுதுண்ணா. நல்லதுதான். போவட்டும் வுடுங்க," என்றாள் அவள்.

அது நடந்து எட்டு நாளாகிறது. நடுவில் சனிக்கிழமை அவர் நேரில் வந்தபோதும் அவள் காலைப் பார்க்கவில்லை, நாடியை மட்டும் பார்த்து அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணி வாக்கில் வானம் கறுத்துக் கிடந்தது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று மாவு மில்லில் ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. கருவாடு விற்கிற சின்னப்பொண்ணு பெஞ்சில் உட்கார்ந்து, கூடையைத் தூக்கிக் காய்ப்புக் காய்த்த கையை வருடிக்கொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டியவள். வாய் மட்டும் தாண்டவில்லை.

"இன்னா ஹேமா, உன் ரூம்பு என் கூடைய வுட மோசமா நாறுது. நாந்தான் கொண்டாந்தேன்னு நாளைக்கு யாராச்சும் சொல்லிடப் போறாங்க."

"மிதியடி காயலக்கா."

"மிதியடி செத்தாகூட இப்டி நாறாது."

ஹேமலதா சிரித்தாள். "கால் குளியல் நடக்குதா?"

"டெய்லி நடக்குது. என் மருமவ கொதிக்க கொதிக்க கொண்டாந்து வைக்குறா. என்னா கோவமோ என் மேல. ஆனா பாரு, எவ்ளோ சூடு வச்சாலும் எனக்கு ஒறைக்கவே மாட்டேங்குது. கருவாட்டுத் தோலு," என்று தன் பாதத்தைத் தட்டிக் காட்டினாள் சின்னப்பொண்ணு.

அதற்கும் ஹேமலதா சிரித்தாள்.

அப்போது ஆட்டோ ஒன்று வந்து நின்றது. முருகையனை அவர் மனைவி அஞ்சலாட்சி கைத்தாங்கலாக இறக்கினாள். போன சனிக்கிழமை நடந்து வந்தவர், இன்று தோள் மேல் ஒரு போர்வையைப் போட்டுக்கொண்டு, பல் கிட்டிப்போக நடுங்கிக்கொண்டிருந்தார். இடது பாதத்தில் வேட்டிக் கிழிசல் சுற்றியிருந்தது. நடுக்கத்திலும் வழக்கத்தை மறக்காமல், ரப்பர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"நேத்து சாயந்தரத்துலேருந்து குளுருதுன்றாரு," என்றாள் அஞ்சலாட்சி. "ஆஸ்பத்திரிக்குப் போவலாம்னேன். மொதல்ல ஹேமாகிட்ட போலாம், அது கை வச்சா சரியாப் பூடும்னாரு."

முருகையன் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கப் பார்த்தார். "படகுத் தொறையில எல்லாரும் போட்டுக்கினு போற ஜாக்கெட்ட நான் ஒரு நாளும் போட்டது இல்ல. இப்ப அதையும் போட்டுக்கலாம் மாரி குளுருது."

அவள் மூன்று விரலை அவர் மணிக்கட்டில் வைத்தாள்.

பனிக்காலத்து நாடி எப்படி இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். குளத்தின் அடியில் கிடக்கும் கல்லைப் போல, ஆழத்தில், அமைதியாக இருக்க வேண்டும். அழுத்தினால்தான் கிடைக்க வேண்டும். கோடையில்தான் அது அலை போல எழும்பும். முருகையனின் நாடி விரலை வைத்ததுமே துள்ளியது. மேலே மேலே வந்து முட்டியது. எண்ணக் கூட முடியாத ஓட்டம். தோல் அடுப்புச் சட்டி போலச் சுட்டது. கார்த்திகை மழையில், குளிருகிறது என்று போர்வை போர்த்தியிருக்கிற ஒரு மனிதனுக்குள் சித்திரை வெயில் ஓடிக்கொண்டிருந்தது.

பருவத்துக்கு எதிராக ஓடுகிற நாடியைப் பற்றி அவளுடைய ஆசான் ஒரே ஒரு முறை பேசியிருக்கிறார். அன்று வகுப்பில் யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அவரும் அதை விளக்கவில்லை. "அப்படி ஒரு நாடி உங்க கைக்கு வராம இருக்கட்டும்," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

அவள் விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதேதான். எந்தப் புள்ளியைத் தொடுவது என்று மனம் தேடியது. நீர்ப் புள்ளி கணுக்காலில் இருக்கிறது. அதற்குக் கிழிசலைப் பிரிக்க வேண்டும்.

மழை அப்போதுதான் பிடித்தது. தகரக் கூரையில் கல்லைக் கொட்டியது போல ஒரு சத்தம். காற்று சாரலை வாசலுக்குள் அடித்தது. வெளியே கழற்றிப் போட்டிருந்த செருப்புகள் தண்ணீரில் நகர ஆரம்பித்தன.

"இருங்கண்ணா," என்று எழுந்து போனாள் ஹேமலதா. வருகிறவர்கள் செருப்பு மழையில் நனைந்தால் தானே எடுத்து உள்ளே வைப்பது அவள் பழக்கம். அடுத்தவர் செருப்பைக் கையால் எடுக்கிறாயே என்று தையல் கடைக்காரர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஈரச் செருப்போடு வீட்டுக்குப் போனால் அவங்களுக்குத்தானே கஷ்டம் என்பாள். குனிந்து சின்னப்பொண்ணுவின் செருப்பை எடுத்தாள். பிறகு முருகையனுடையதை.

இடது செருப்பின் மேல் பக்கம் கறுத்துப் பிசுபிசுத்திருந்தது. வாடை அங்கிருந்துதான் வந்தது. குதிகால் பதியும் இடத்தில் ஏதோ வெள்ளையாக நின்றது. விரலால் தொட்டாள். கிளிஞ்சல். படகுத் துறைச் சேற்றில் கிடக்கிற கிளிஞ்சலின் உடைந்த துண்டு, கத்தி முனை போல, ரப்பரில் ஆழமாகக் குத்தி நிமிர்ந்து நின்றது. அதன் முனையில் கிழிசலின் நூல் ஒட்டியிருந்தது.

இன்று குத்தியது இல்லை அது. மிதித்து மிதித்து உள்ளே இறங்கியிருந்தது. நாள் கணக்கில் இதன் மேல் நின்றிருக்கிறார், நடந்திருக்கிறார், இப்போது ஆட்டோவிலிருந்து இறங்கி இதை மிதித்துக்கொண்டுதான் வந்தார். முகம் சுளிக்கவில்லை.

ஹேமலதாவுக்குத் தாளின் கடைசி வரி நினைவுக்கு வந்தது. பொறுக்கிற சூட்டில். அவள்தான் எழுதினாள்.

செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்து, அவர் காலடியில் உட்கார்ந்தாள். "அண்ணா, உங்களுக்கு சுகர் இருக்கா?"

இத்தனை வருஷத்தில் அந்த அறையில் கேட்கப்படாத கேள்வி. முருகையன் மனைவியைப் பார்த்தார். பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொண்டவர் போலத் தலையைக் குனிந்தார்.

"ஒம்போது வருஷமா கீதும்மா," என்றார். "மாத்திர போட்டுக்கினுதான் இருந்தேன். உங்கிட்ட வரும்போது இதெல்லாம் சொன்னா உனக்குப் புடிக்காதேன்னு..."

ஹேமலதா கிழிசலைப் பிரித்தாள். பாதி பிரித்ததும் அஞ்சலாட்சி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சின்னப்பொண்ணு பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். இரண்டு விரல் கறுத்துச் சுருங்கியிருந்தன. பாதத்தின் அடித்தோல் உரிந்து தொங்கியது. கணுக்காலுக்கு மேலே செம்மை கோடாக ஏறிக்கொண்டிருந்தது.

"கொப்பளம்தான் வந்திச்சி," என்றாள் அஞ்சலாட்சி, துணிக்குள்ளிருந்து. "எப்பவும் நாந்தான் தண்ணியில கைய வுட்டுப் பாத்து, பச்சத் தண்ணி கலந்து குடுப்பேன். மூணு நாள் பொண்ணு வூட்டுக்குப் போயிட்டேன். இவரே காய வச்சி, இவரே ஊத்திக்கினு... நான் வந்து பாக்கறேன், கொப்பளம். மஞ்சள் அரைச்சிப் போட்டேன்."

அதே ஆட்டோவைப் பிடித்து மூன்று பேருமாகக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியில் அஞ்சலாட்சி வீட்டு வாசலில் நிறுத்தச் சொல்லி, ஓடிப்போய் அந்த மஞ்சள் உறையை எடுத்துக்கொண்டு வந்தாள். அது ஹேமலதாவின் மடியில் கிடந்தது. வழியெல்லாம் முருகையன் ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில் அவை மில்லைப் பற்றிய பேச்சாகின. எந்தத் தறியோ நின்றுவிட்டது என்றும், நூல் அறுந்துவிட்டது என்றும் சொன்னார். பிறகு அதுவும் நின்றது. தலை ஹேமலதாவின் தோளில் சாய்ந்து கனத்தது.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் வெளியூர் பஸ்களிலிருந்து இறங்கிய கூட்டம் தாழ்வாரத்தில் நனைந்து நின்றது. செருப்பையும் உறையையும் மார்போடு பிடித்துக்கொண்டு வழி கேட்டுக் கேட்டு ஹேமலதா முன்னால் போனாள். இளவயதுப் பெண் டாக்டர் ஒருவர் உறையிலிருந்த ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டுக் காலைப் பார்த்தார். பார்த்த உடனே பின்னால் திரும்பி வேறு யாரையோ கூப்பிட்டார். அந்த வேகம் ஹேமலதாவுக்குப் பிடிக்கவில்லை.

"எப்படி ஆச்சு?"

"வெந்நி," என்றாள் அஞ்சலாட்சி.

"சுகர் இருக்கறவங்க கால வெந்நியில வைக்கக் கூடாதுன்னு இங்க சொல்லியிருப்பாங்களே. யார் வைக்கச் சொன்னது?"

அஞ்சலாட்சி பக்கத்தில் நிற்கிற ஹேமலதாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. "யாரும் சொல்லல டாக்டரம்மா. நாங்களா வச்சோம்," என்றாள்.

புருஷனுடைய கால் போகிற நேரத்தில் ஒருத்தி இன்னொருத்தியைக் காப்பாற்ற நினைத்தாள். அது எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியாது. அந்த மனசைக் கொடுப்பவன் ஒருவன் இருக்கிறான் என்று நம்பத் தோன்றுகிறது. அந்தப் பொய்க்குப் பின்னால் ஹேமலதா ஒளிந்துகொண்டிருக்கலாம். முத்தியால்பேட்டையில் யாருக்கும் தெரிய வராது. பலகை தொங்கிக்கொண்டே இருக்கும். அவள் கைப்பையிலிருந்து மடித்த கார்த்திகைத் தாளை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள்.

"நாந்தான் சொன்னேன் மேடம். சுகர் இருக்கான்னு கேக்கல."

டாக்டர் தாளைப் படித்தார். திட்டப் போகிறார் என்று ஹேமலதா காத்திருந்தாள். அவர் குரல் உயரவே இல்லை.

"பொறுக்கிற சூடுன்னு எழுதியிருக்கீங்க. இவருக்குப் பாதத்துல உணர்ச்சியே கிடையாதும்மா. பொறுக்காத சூடுன்னு இவருக்கு ஒண்ணு எப்படித் தெரியும்?" தாளைத் திருப்பிக் கொடுத்தார். "விஷம் ரத்தத்துல ஏறிடுச்சு. ரெண்டு விரல் கண்டிப்பா எடுக்கணும். பாதம் நிக்குமான்னு இப்ப சொல்ல முடியாது. உயிர முதல்ல பாக்கலாம். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நீங்க வந்திருக்கவே வேண்டியதில்ல."

முருகையனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடும் வரை அஞ்சலாட்சி ஹேமலதாவின் கையைப் பிடித்திருந்தாள். பிறகு விட்டாள். கோபத்தில் விட்டாளா, முந்தானையைச் சரிசெய்ய விட்டாளா, தெரியவில்லை. ஹேமலதா கேட்கவும் இல்லை.

நாலரை மணியானது. ஐந்தேகால் ஆனது. கதவு திறக்கவில்லை. ஹேமலதா கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபது பிரதி. அறுபது வீட்டில், விளக்கு வைக்கும் நேரத்தில். அப்போதுதான் காலையில் கேட்டுச் சிரித்த பேச்சு திரும்பி வந்தது. எவ்ளோ சூடு வச்சாலும் எனக்கு ஒறைக்கவே மாட்டேங்குது.

சின்னப்பொண்ணுவிடம் போன் கிடையாது. மருமகள் நம்பர் ஹேமலதாவிடம் இல்லை. "அண்ணி, நான் போயிட்டு வந்துடறேன். என்னா சொன்னாலும் போன் பண்ணுங்க," என்றாள். அஞ்சலாட்சி தலையை அசைத்தாள்.

பஸ் ராஜீவ் காந்தி சிலை சந்திப்பில் தண்ணீரில் மாட்டிக்கொண்டு நின்றது. முன்னால் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். பொறுக்க முடியாமல் இறங்கி நடந்தாள். முட்டிக்குக் கீழே கறுப்புத் தண்ணீர். வீடுகளில் விளக்கு ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். கார்த்திகை மாதம், வாசல்தோறும் இரண்டு அகல். வழக்கமாக அவளுக்குப் பிடித்த காட்சி அது. இன்று ஒவ்வொரு விளக்கும் நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தது. சின்னப்பொண்ணுவின் சந்துக்குள் அவள் நடக்கவில்லை, ஓடினாள்.

கதவு திறந்தே இருந்தது. கூடத்தின் நடுவில் நீல பிளாஸ்டிக் பேசின். ஆவி எழுந்து டியூப்லைட்டை மறைத்தது. இஞ்சி வாசனை. சின்னப்பொண்ணு நாற்காலியில் உட்கார்ந்து, புடவையை முட்டிக்கு ஏற்றிக்கொண்டு, பேசினில் வைக்க வலது காலைத் தூக்கியிருந்தாள்.

ஹேமலதா ஈரச் செருப்போடு உள்ளே போய், பேசினுக்கு முன்னால் மண்டியிட்டு, தன் கையை அதற்குள் விட்டாள்.

வாய்விட்டுக் கத்தவில்லை. இழுத்துக்கொண்ட கை மணிக்கட்டு வரை சிவந்திருந்தது.

"பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு?" என்றாள் சின்னப்பொண்ணு. தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. "மருமவளே, ஒரு சொம்பு பச்சத் தண்ணி கொண்டா. ஓடு."

"அக்கா, உங்களுக்கு சுகர் இருக்கா?"

"கீது. பன்னெண்டு வருஷமா." சின்னப்பொண்ணு அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்து ஊதினாள். "நீதான் கேக்கவே மாட்டியே. போர்டு வேற மாட்டி வச்சிருக்க."

மருமகள் சொம்போடு வந்தாள். ஹேமலதா அதில் கையை அமிழ்த்திக்கொண்டு, மறு கையால் சின்னப்பொண்ணுவின் பாதத்தைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள். குதிகாலைப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாக விலக்கி, இடுக்கில் பார்த்தாள். வலது கால் முடிந்தது. இடது காலில், சுண்டுவிரலுக்குக் கீழே, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு கொப்புளம். உடையவில்லை.

"வலிக்குதா?"

"எது?"

ஹேமலதா பாதத்தைத் துண்டால் ஒற்றித் துடைத்தாள். பேசினை மருமகள் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டும் சத்தம் கேட்டது. "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வரேன். கோரிமேட்டுக்குப் போறோம். ரிப்போர்ட்டு எல்லாத்தையும் எடுத்து வைங்க," என்றாள்.

"அந்த மனுஷன் எப்டி கீறாரு?"

ஹேமலதா போனை எடுத்துப் பார்த்தாள். அழைப்பு ஏதும் வரவில்லை. "தெரியலக்கா," என்றாள்.

வெளியே மழை இன்னும் வலுத்திருந்தது. அடுத்த வீட்டு வாசலில் அகல் எரிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்கும் அவள் ஒரு தாள் கொடுத்திருந்தாள். சிவந்த கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.